கோப்ராஸும் டேங்க் லைனும்

போன வாரம் லீக் அலுவலகத்திலிருந்து காவ்யா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மைதானத்தில் மைக் பிடிப்பவள் அவள்தான். இந்த சீசனில் புது அணிகள் சேர்கின்றனவாம், பெயர் வைக்கும் கூட்டங்கள் நடக்கின்றனவாம். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "அங்கிள், முதல் மேட்ச்ல கூட்டத்தை நீங்கதான் மைக்லயே நிறுத்துனீங்களாமே? ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு விதமா சொல்றாங்க. ஒரு பேருக்காகவா அவ்ளோ ரகளை?" என்று கேட்டாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இந்தக் கதை என் பெயரில் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதன் மேல். கூட்டத்தை நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடிவெடுத்தவர் வேறொருவர். அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வாயால் சொன்னால் அதற்கும் கைகால் முளைத்துவிடும் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

என் பிழைப்பு குரலால் நடந்தது. மாதா கோயில் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகியவன், ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் விளையாட்டுப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தொழிற்சாலைக் கால்பந்து அணியின் ஆட்டங்களுக்கு அறிவிப்பாளன் வராத ஒருநாள், "அந்தோணி, நீயே சொல்லிடுப்பா" என்றார்கள். பிறகு வேறு யாரையும் அவர்கள் தேடவில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் கொஞ்சம்தான். ஆட்டக்காரனின் பெயரை அவன் வாயாலேயே ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மைக்கில் சொல்ல வேண்டும். பந்து ஓடும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். கோல் விழுந்தால் எந்தப் பக்கத்துக்காகவும் துள்ளக் கூடாது. கூட்டம் கத்தினால் நாமும் கத்தக் கூடாது, குரலை இறக்க வேண்டும். இதற்கு மேல் கற்றதாகச் சொல்பவர்கள் கதை விடுகிறார்கள்.

ஆனால் எங்கள் டேங்க் லைன் பாய்ஸ் அணிக்கு அறிவிப்பது வேறு சங்கதி. காக்ஸ் டவுனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சில சந்துகளுக்குத்தான் டேங்க் லைன் என்று பெயர். எங்கள் பையன்கள் பீன்யாவில் லேத் பட்டறைகளிலும், சிவாஜிநகரில் கறிக்கடை, துணிக்கடைகளிலும் வேலை செய்தவர்கள். ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து, நெரிசலில் நின்று வந்து சேர வேண்டும். விசில் ஊதும் வரைக்கும் யார் வந்தான் யார் வரவில்லை என்று கோச்சுக்கே தெரியாது. அதனால் ஆட்டத்துக்கு முன்னால் பேர் கூப்பிடுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. "டேங்க் லைன் பாய்ஸ்" என்று அணியின் பெயரைச் சொல்லித் தொடங்கி, "பேக்கரி சந்து வில்லியம்ஸ்" என்று நான் மைக்கில் கூப்பிடுவேன். அவன் வந்திருந்தால் பேக்கரி சந்து ஜனங்கள் எழுந்து "உள்ளே!" என்று கத்துவார்கள். கத்தவில்லையென்றால் அவன் வரவில்லை என்று அர்த்தம். மாற்று ஆள் லேஸ் கட்டத் தொடங்குவான்.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு சந்துக்கும் கேலரியில் தனித்தனி இடம். பதில் சொல்ல வேண்டியவர் தன் சந்தோடு, தன் இடத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும். வேறெங்காவது நின்றுகொண்டு கத்தினால் செல்லாது. பேர் கூப்பிடும்போது நடமாட்டமும் கூடாது. கடலை விற்கிறவன்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பான். தமிழ் வீடு, கன்னட வீடு, தக்னி உருது பேசும் வீடு எல்லாரும் சொன்னது அந்த "உள்ளே" தான்.

பிறகு புது லீக் வந்தது. தொழில்முறை லீக், டிவி ஒளிபரப்பு, முதலாளிகள். டேங்க் லைனிடம் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், வேறொன்றும் இல்லை. ஒரு கட்டுமான நிறுவனம் அணியை எடுத்துக்கொள்ள முன்வந்தது. பெயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஓட்டலில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பிராண்ட் மேனேஜர் என்று ஓர் இளைஞர் திரையில் ஒரு பாம்புப் படத்தைப் போட்டு, "கார்டன் சிட்டி கோப்ராஸ்" என்றார். தோட்டத்தில் பாம்பு இருப்பதாகச் சொன்னால் டிக்கெட் வாங்கி எவன் உள்ளே வருவான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. டேங்க் லைன் என்றால் இந்த ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது, டிவியில் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பையன்களில் என் லூர்து அக்காவின் மகன் ஸ்டீபனும் ஒருவன். அவன்தான் கேப்டன். பீன்யாவில் பர்மனென்ட் ஆகியிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். நான் வாய் வலிக்கத் திட்டினேன். "பேரு இன்னாவா இருந்தா இன்னா மாமா? பாம்போ பல்லியோ, நான் ஆடப் போறது ஃபுட்பால்" என்றான். அக்கா மட்டும் அந்தப் புதுப் பெயரை ஒருநாளும் வாயில் எடுக்கவில்லை.

லீக் விதி ஒன்று எல்லார் வாயிலும் அடிபட்டுக்கொண்டிருந்தது. சொந்த ஊர்க் கூட்டத்தால் ஆட்டம் நடக்காமல் போனால் அந்த அணி அந்த சீசன் முழுக்க வெளியே. முதலாளி போய்விட்டால் அணியும் இல்லை. ஸ்டீபன் பீன்யாவுக்குத் திரும்பவும் முடியாது, அந்த இடத்தில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. டேங்க் லைனிலோ பெயரை மாற்றியதில் வீட்டுக்கு வீடு கொதித்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆட்டத்தன்று என்ன நடக்குமோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி சுஜாதா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைய ஆட்டத்தின் மேட்ச் கமிஷனர் அவர்தான். மைதானத்துக்குள் அன்று அவர் சொல்தான் கடைசிச் சொல். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து, பெண் ரெஃப்ரி என்றால் சிரித்த காலத்தில் விசில் ஊதியவர். கன்னடக்காரர். என்னுடன் தமிழ் பேசுவார், இடையிடையே கன்னடம் வந்து விழும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது வந்து புலம்பினால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே "ஆமேலே?" என்பார். அப்புறம் என்ன என்று கன்னடத்தில் கேட்கிறார். புலம்பல் தீர்ந்து விஷயம் வரும் வரைக்கும் அந்த ஒரு சொல்தான். எனக்கு முதலில் அது பெரிய எரிச்சலாக இருந்தது. "இந்த அம்மாவுக்கு வேற வார்த்தையே தெரியாதா" என்று சவுண்ட் ஆளிடம் முணுமுணுத்திருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கும் முன் அவர் செய்ததெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒவ்வொரு கேட்டையும் தானே இழுத்துப் பார்த்தார். கிழக்கு கேலரியின் படிக்கட்டில் இறங்கி ஏறிவிட்டு, "இந்த கேட் உள்பக்கமா திறக்குது. உள்ளே ஜன நெருங்கி நின்னா திறக்காது" என்று பாதுகாப்பு ஆட்களிடம் சொன்னார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். பிறகு மாடியில் என் அறைக்கு வந்து மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார். முதலாளி தரப்பு எனக்கு அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தது. அதில் இருப்பது மட்டும்தான் மைக்கில் வர வேண்டும், பழைய பெயர் வந்தால் ஒப்பந்தமே முறியும் என்று மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். மேடம் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "கூட்டத்துக்கு ஒண்ணு செய்யாதேன்னு சொன்னா கேக்காது, அந்தோணி. செய்யறதுக்கு ஒண்ணு குடுக்கணும்" என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

சாயங்காலம் கிழக்கு கேலரி நிறைந்தது. டேங்க் லைன் முழுக்க அங்கேதான், சந்து சந்தாக. தாளில் இருந்தபடி "கார்டன் சிட்டி கோப்ராஸ்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஊளையிட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாரும் திரும்பி மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

அப்போதுதான் வெளியே கேட்டில் பிரச்சினை வெடித்தது. டேங்க் லைனின் பழைய நீலக் கொடியோடு வந்தவர்களைப் பாதுகாப்பு ஆட்கள் தடுத்திருக்கிறார்கள். கொடி ஒன்றை ஒருவன் பிடுங்கியிருக்கிறான். அந்தச் செய்தி கேலரிக்குள் பரவியதும் முதுகு காட்டி நின்ற கூட்டம் அப்படியே படிக்கட்டில் இறங்கியது. வெளியே இருந்தவர்கள் உள்ளே தள்ள, உள்ளே இருந்தவர்கள் கீழே தள்ள, நடுவில் அந்த இரும்பு கேட். என் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படிக்கட்டின் அடியில் தலைகள் மட்டும்தான் தெரிந்தன, அவை அசையவே இல்லை. ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பு கேட் கம்பிக்கு மேலே வந்து நின்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் மாடிக்கு ஓடி வந்தார். மேலே இருந்து தடியடி நடத்திக் கலைத்துவிடுகிறேன் என்றார்.

"மேலே இருந்து அடிச்சா எங்கே ஓடுவாங்க? கீழேதான். ஒந்து நிமிஷ இருங்க, சார்" என்றார் மேடம். என் பக்கம் திரும்பினார். "அந்தோணி அவரே, உங்க ஜனங்க எதுக்கு நிப்பாங்க? ஹேளி, சொல்லுங்க சீக்கிரம்."

"பேர் கூப்பிட்டா நிப்பாங்க மேடம்."

"நின்னா போதாது. மேலே ஏறணும்."

"ஏறுவாங்க. அவங்கவங்க சந்து இடத்துல நின்னுதான் பதில் சொல்லணும். அது வழக்கம்."

"ஆமேலே?"

"பழைய பேரைச் சொல்லாம கூப்பிட முடியாது மேடம். சொன்னா முதலாளி போயிடுவாரு. பசங்க கதி…" என்று இழுத்தேன்.

பிராண்ட் மேனேஜர் கதவருகே நின்றிருந்தார். "மேடம், கான்ட்ராக்ட் இருக்கு. லைவ் போய்க்கினு இருக்கு" என்றார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அவரைக் கெட்டவராகக் காட்ட எனக்கு ஆசையில்லை.

மேடம் என் கையிலிருந்த தாளை வாங்கினார். நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "கமிஷனர் ஆர்டர். உங்களுக்குப் பொறுப்பு இல்ல. ஓதி" என்றார். படி என்கிறார். படிக்கத் தாள் இல்லை. தேவையும் இல்லை.

குரலை இறக்கினேன். "டேங்க் லைன் பாய்ஸ். பேர் கூப்பிடறோம்" என்றேன். "பேக்கரி சந்து வில்லியம்ஸ்."

பதில் வரவில்லை. மறுபடி அதே பெயரை, இன்னும் மெதுவாகச் சொன்னேன். படிக்கட்டின் மேல்முனையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன்னைச் சுற்றி இருந்தவர்களைத் தோளைத் தொட்டுத் திருப்பி, மேலே ஏறத் தொடங்கினார். ஏறிப் போய் பேக்கரி சந்து இடத்தில் நின்றார்கள். "உள்ளே!"

"பம்ப் ஹவுஸ் முரளி." இடைவெளி. ஆட்கள் ஏற ஏற, நான் அடுத்த பெயரைத் தள்ளிப்போட்டேன். "உள்ளே!" "தையல்கார வீட்டு நயீம்." "உள்ளே!" மேலே காலியாகக் காலியாக, கீழே அழுத்தம் குறைவது தெரிந்தது. தலைகள் அசையத் தொடங்கின. வெளியே நின்ற கூட்டமும் தள்ளுவதை நிறுத்திவிட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் இப்போது கேட்டருகே நின்று, தன் ஆட்களை வைத்து நெரிசலில் சிக்கியவர்களை ஒவ்வொருவராக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேட்டுத்தெரு ஸ்டீபன்."

அந்தப் பெயருக்கு எப்போதும் முதலில் கத்துவது அக்காதான். அவள் குரல் எழுந்த பிறகுதான் மேட்டுத்தெருவே சேர்ந்துகொள்ளும். அன்று எழவில்லை. மேட்டுத்தெரு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி கூப்பிட்டேன். கேட் கம்பிக்கு மேலே பார்த்த அந்தத் தலைப்பு என்ன நிறம் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

மேடம் என் தோளில் கை வைத்தார். "நிறுத்தாதீங்க. இன்னும் கீழே ஜன இருக்கு. அடுத்த பேர்" என்றார்.

அக்கா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் மீதிப் பெயர்களை ஒரே நிதானத்தில் கூப்பிட்டு முடித்தேன். என் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. முடித்தபோது கேட் முழுக்கத் திறந்திருந்தது. மேடம் என் அறையில் இல்லை, படிக்கட்டில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

நானும் இறங்கினேன். ஆட்டக்காரர்கள் வரும் வழியில் எதிரணி வரிசையாக நின்றிருந்தது. நம் பையன்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீபன் பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். மாற்று ஆளும் லேஸ் கட்டவில்லை. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதமானால் ஆட்டம் ரத்து, அணி வெளியே.

"எழுந்துருடா" என்றேன்.

"அம்மா சொல்லல மாமா. இத்தினி வருஷத்துல சொல்லாம இருந்ததே இல்ல" என்றான். அழவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு முனையை மேடமே பிடித்திருந்தார். அக்கா படுத்திருந்தாள், முகம் சாம்பலாக இருந்தது, ஒரு கை கோணியிருந்தது. மூச்சு திணறிக்கொண்டிருந்தது, ஆனால் இருந்தது. ஸ்டீபன் பாய்ந்து போய்க் குனிந்தான். அவள் உதடு அசைந்தது. கேட்பதற்கு நானும் குனிய வேண்டியிருந்தது.

"தொண்டையில காத்தே இல்லடா, எப்பிடிக் கத்துவேன்? எருமை. உன் கால்ல இன்னா ஆச்சு? பூட்ஸப் போடு."

அவன் சிரித்துக்கொண்டே அழுதான். நானும்தான். மேடம் கண்ணாடியைத் துடைத்தார், இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டம் நடந்தது. தோற்றோம், நன்றாகவே தோற்றோம். உயிர்ச்சேதம் இல்லை, எலும்பு முறிவுகளோடு போயிற்று. முதலாளி அணியை விடவில்லை. அந்தக் கூட்டம் பெயர் கூப்பிட்டதும் மேலேறிப் போய்ப் பதில் சொன்னதை ஊரே டிவியில் பார்த்துவிட்டது, விட்டுவிட்டுப் போக அவருக்கு என்ன பைத்தியமா? ஆனால் பெயரையும் மாற்றவில்லை. இன்றும் அது கோப்ராஸ்தான். டேங்க் லைன் பிள்ளைகள் பாம்பு போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டு தெருவில் ஆடுகிறார்கள், எனக்கும் பழகிவிட்டது. லீக் நிலைக்குமா என்று காவ்யா கேட்டாள். கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும் ஊரில் நிலைக்கும், வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடி ஆட்டும் ஊரில் நிலைக்காது என்று நினைக்கிறேன். ஜோசியக்காரன் மாதிரி இதற்கு மேல் சொல்லத் தெரியாது.

அக்காவை சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கை கட்டுப் போட்டு, கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தாள். கொடியைப் பிடுங்கியவனிடம் முதலில் சண்டைக்குப் போனதே அவள்தான் என்று அங்கேதான் தெரிந்தது. சில நாள் கழித்து சுஜாதா மேடம் ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார்.

"இந்தம்மா யாருடா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"இவங்கதான் நம்ம பழைய பேரைச் சொல்லச் சொன்னவங்க" என்றேன்.

"பேரு கெடக்குது விடு." அக்கா தலையைத் தூக்க முயன்றாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "ஏம்மா, என் புள்ளைக்கு அடுத்த மேட்ச் இருக்கா? என்னால அவன் பொழப்பு போயிடலயே?"

"இருக்கு, லூர்தம்மா. டீமை எதுவும் செய்யல. நேத்து லீக் மீட்டிங்ல முடிவாச்சு" என்றார் மேடம். ஒரு சுளையைப் பிரித்து அக்கா வாயில் வைத்தார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு மரியாதைக்காக, "நீங்களும் வருவீங்கல்ல அந்த மேட்சுக்கு?" என்று கேட்டாள்.

மேடம் அடுத்த சுளையின் நாரை மெதுவாக உரித்தார். "இல்லம்மா. ஆர்டர் குடுத்தது யாருன்னு கேட்டாங்க, நான்தான்னு சொன்னேன். அவனுக்கு மேட்ச் இருக்கு. எனக்குத்தான் இனிமே இல்ல" என்றார்.